பிட்ஸ்பர்க்கில் பொழுதும் நட்பும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சியின் எடிசனில் ஆறு வருடம் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் சென்ற ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் வந்தோம். நான் எச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்து, இருக்கிறேன். வேலைக்குப் போக அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. எடிசனில் எங்கள் குடியிருப்பிலேயே பத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனால் தெரிந்தவர் யாராவது எதிரே வருவார். சனிக்கிழமை என்றால் யார் வீட்டிலாவது சாப்பாடு, அரட்டை.

இங்கே ஸ்க்விரல் ஹில் பகுதியில் வீடு. அக்கம்பக்கத்தார் பார்த்தால் சிரிக்கிறார்கள், குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி மூன்று முறை “ஒரு நாள் காபி சாப்பிடலாம்” என்றார். அந்த நாள் வரவே இல்லை. தமிழ் விழாக்களுக்கும் போய்ப் பார்த்தோம். வீட்டு விலை, கிரீன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் தவிர வேறு பேச்சில்லை. படித்த கதையைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. கணவர் களைத்துப்போய் வருகிறார். டிவியைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே தூங்கிவிடுகிறோம்.

நீங்கள் சில ஆண்டுகள் இந்த ஊரில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இங்கே பொழுது எப்படிப் போனது? இந்த ஊரில் நட்பு கிடைக்குமா? இல்லை, இனி இப்படித்தான் என்று பழகிக்கொள்ள வேண்டுமா?

அன்புடன்,
வி.

*

அன்புள்ள வி.,

பழகிக்கொள்ள வேண்டாம். பிட்ஸ்பர்க்கில் நட்பு கிடைக்கும், நல்ல நட்பாகவே கிடைக்கும். ஆனால் எடிசனில் கிடைத்த வழியில் கிடைக்காது.

எடிசனில் உங்களைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் ஆள் தேவைப்பட்டது, அதனால் கதவு சீக்கிரம் திறந்தது. பிட்ஸ்பர்க்கின் கதை வேறு. 1950இல் அந்த நகரத்தில் சுமார் 6,77,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 3,03,000 பேர். 1980களில் இரும்பாலைகள் ஒவ்வொன்றாக மூடின. பெயர்பெற்ற ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் நின்றுபோனது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். தங்கியவர்கள் பிறந்த தெருவுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணியும் அப்படி ஒருவராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடு, வியாழக்கிழமை பள்ளித் தோழிகள், நடுவில் தங்கை பிள்ளைகளின் ஆட்டம் என்று அவருடைய வாரம் முன்பே நிரம்பியிருக்கும். உங்களைப் பிடிக்காமல் இல்லை. அவர் வாரத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். அவர் காபிக்குக் கூப்பிட்டதும் மனதாரத்தான். அடுத்த முறை நீங்களே நாள் குறித்துவிடுங்கள்: “வரும் செவ்வாய் பத்து மணிக்கு முர்ரே அவென்யூ காபிக் கடையில் சந்திக்கலாமா?” நாளும் நேரமும் சொல்லிவிட்டால் அங்கே மனிதர்கள் தவறாமல் வருவார்கள். சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் “ஒரு நாள்” என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் காபி மட்டும் போதாது. இளைஞர்கள் கிளம்பிப்போன ஊரில் இன்னொன்றும் நடந்தது. தேவாலயச் சமையலறை, நூலகத்தின் பழைய புத்தக விற்பனை, பூங்காவில் களையெடுக்கும் குழு என்று ஊர்ப்பொதுக் காரியம் எதை எடுத்தாலும் ஆள் பற்றாக்குறை. நடத்துகிறவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல். அங்கெல்லாம் புதிதாக ஒருவர் வந்து நின்றால் யாரும் வேண்டாம் என்பதில்லை. நான் பார்த்தவரை அந்த ஊருக்குள் நுழைய இதைவிட நல்ல வழி கிடையாது.

அடுத்த மாதம் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்புக் காலம், தொடங்குகிறது. அதன் முதல் நாளான திருநீற்றுப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிட்ஸ்பர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் தேவாலயங்கள், தன்னார்வத் தீயணைப்பு நிலையங்கள் எல்லாம் மீன் வறுத்து விற்கும். ஃபிஷ் ஃப்ரை என்பார்கள். வருகிற பணம் அந்தந்த இடத்தின் செலவுக்கு. எங்கெங்கே நடக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் ஆர்வலர்கள் வரைபடமே போடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கே வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். ரொட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் மீன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு வைத்த, கொழுக்கட்டை போன்ற பியரோகி, முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கிய ஹலுஷ்கி.

ஒரு தவக்காலம் முழுவதும் அப்படி ஒரு சமையலறையில் வேலை செய்தேன். மீனைத் தொடமாட்டேன் என்றதும் தலைக்கு வலையும் கைக்கு உறையும் கொடுத்து கோல்ஸ்லா (முட்டைக்கோஸ் சாலட்) மேசையில் நிறுத்திவிட்டார்கள். சின்னக் கோப்பையில் ஒரு கரண்டி, மேலே மூடி, தட்டில் அடுக்கு, மறுபடியும் ஒரு கரண்டி. எதிரே ஒரு பாட்டி மூடி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலை பார்த்தவர். முதல் வாரம் “மூடியை இப்படித் தள்ளு” என்பதற்கு மேல் பேச்சில்லை. இரண்டாவது வாரம் என் பெயரைச் சரியாகச் சொல்லக் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்ததும் உறையை மாட்டிக்கொண்டே முதல் கேள்வியாக “அம்மா எப்படி இருக்கிறார்?” என்றார். அந்த ஈஸ்டருக்கு அவர் வீட்டு மேசையில் எனக்கும் ஒரு தட்டு இருந்தது. நான் எந்த மதம் என்று அந்தச் சமையலறையில் ஒருவரும் கேட்கவில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வர சுமார் 50 மணி நேரம் ஒன்றாகக் கழிய வேண்டும், நல்ல நட்புக்கு 90, நெருங்கிய நட்புக்கு 200க்கு மேல் என்கிறது அது. மனித உறவை இப்படி நிறுத்துப் பார்க்க முடியுமா என்று தோன்றலாம். ஆனாலும் உங்கள் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. பொங்கல், தீபாவளி என்று ஆண்டுக்கு இரண்டு விழாவுக்குப் போய் மூன்று மூன்று மணி நேரம் இருந்தால் 50 மணியைத் தொட எட்டு வருஷம் ஆகிவிடும். தவக்காலத்தில் ஏழு வெள்ளிக்கிழமை வருகிறது. வாரம் நான்கு மணி நேரம் என்றால் அதிலேயே பாதிக்கு மேல் தாண்டிவிடுவீர்கள். அதனால்தான் சொல்கிறேன், பத்து இடத்துக்கு ஒவ்வொரு முறை போகாதீர்கள். ஒரே இடத்துக்கு, ஒரே நாளில், ஒரே நேரத்தில் போய்க்கொண்டே இருங்கள்.

விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை அனுமதி இல்லாதவர்களும் லாப நோக்கமில்லாத அமைப்புகளில் சம்பளமில்லாமல் தன்னார்வலராக இருக்கலாம். மற்ற இடங்களில் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பதுதான் சிக்கலில் கொண்டுபோய்விடும். சந்தேகம் இருந்தால் உங்கள் கணவரின் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பகல் பொழுதுக்கு நூலகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோர்ப்ஸும் முர்ரேயும் சந்திக்கும் இடத்தில் உங்கள் பகுதிக்கென்றே ஒரு கிளை இருக்கிறது. 61 வரிசைப் பேருந்து ஏதாவது ஒன்றில் ஏறினால் ஓக்லாண்டில் தலைமை நூலகம். 1895இல் திறந்த கட்டடம், வாசலுக்கு மேலே ‘மக்களுக்கு இலவசம்’ என்று ஆங்கிலத்தில் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நூலக அட்டையைக் காட்டி அருங்காட்சியகம், நாடகம் என்று சிலவற்றுக்கு இலவச நுழைவுச்சீட்டும் பதிவு செய்யலாம். இதைத் தர்மம் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். அந்த மாவட்டத்தில் விற்பனை வரி 7 சதவீதம். அதில் அரை சதவீதம் நூலகத்துக்கும் பூங்காவுக்கும் கலைக்கும் போகிறது. கடையில் வரி உள்ள பொருள் வாங்கும்போதெல்லாம் நீங்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இந்த ஜனவரி இருட்டு மனதை அழுத்தும் என்று தெரியும். எனக்கும் அழுத்தியது. ஷென்லி பூங்காவில் 1893இல் கட்டிய ஃபிப்ஸ் கண்ணாடி மாளிகை இருக்கிறது. வெளியே பனி, உள்ளே வாழையும் பனையும் ஆர்க்கிட்டும். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துவிடும். அதைத் துடைப்பதற்குள் ஈரமண் வாசனை வந்துவிடும். ஒரு வருஷச் சந்தா கட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் எதற்குச் செலவழித்தாலும் இதைவிடப் பிரயோஜனமாக இருக்காது.

கணவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஏப்ரலில் உள்ளூரில் பேஸ்பால் தொடங்கியதும் வார நாள் சாயங்காலம் ஒன்றில் அவரை ஊர் அணியான பைரேட்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். சீசனுக்கு 81 ஆட்டம் அந்த ஊரிலேயே நடக்கிறது. மேல்வரிசைச் சீட்டு பல நாள் மலிவாகவே கிடைக்கும். ஆட்ட நாளில் ஆற்றின்மேல் இருக்கும் ராபர்டோ கிளெமென்டே பாலத்தில் காரை விடமாட்டார்கள். ஊரே நடந்துபோகும். நடுச்சாலையில் குழந்தைகள் ஓடும், ஓரத்தில் கடலைப்பொதி விற்பார்கள். நான் போன நாட்களில் வீட்டுச் சாப்பாட்டையும் உள்ளே விட்டார்கள். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் புளியோதரையோடு ஒரு முழு ஆட்டம் பார்த்திருக்கிறேன். விதி தெரியாவிட்டால் பரவாயில்லை. அந்த ஆட்டத்தில் பந்துக்கும் பந்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல, பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சு தானாக வந்துவிடும். “இது ஏன் அவுட்?” என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் திரும்பி விளக்குவார்கள்.

அந்தக் கிளெமென்டேயைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1955இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்த ஊருக்கு ஆட வந்தவர். தாய்மொழி ஸ்பானிஷ். அவர் ஆங்கிலம் பேசிய விதத்தை அப்படியே எழுத்துக்கூட்டி அச்சடித்துப் பத்திரிகைகள் கேலி செய்தன. ராபர்டோ என்ற பெயரை பாப் என்று சுருக்கின. 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப்பொருள் ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பிய விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். இன்று பாலம் அவர் பெயரில். அவருடைய எண் 21 என்பதால் மைதானத்தின் வலப்பக்கச் சுவரை 21 அடி உயரத்தில் கட்டினார்கள். எந்த ஆட்டத்துக்குப் போனாலும் 21 போட்ட சட்டையில் யாராவது தாத்தா இருப்பார். அவரிடம் கிளெமென்டேயை நேரில் பார்த்ததுண்டா என்று கேளுங்கள். பாதி ஆட்டம் அதிலேயே போய்விடும்.

கடைசியாகத் தமிழ்க் கூட்டங்கள். அவற்றை விட்டுவிடாதீர்கள். கிரீன் கார்டு பேசுகிறவர்கள் பயத்தில் பேசுகிறார்கள். எத்தனையோ பேருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். அதே கூட்டத்தில் உங்களைப் போலப் படிக்க ஆசைப்படுகிற மூன்று பேராவது சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நார்த் சைடில் ஆல்ஃபபெட் சிட்டி என்று ஓர் அரங்கம் இருக்கிறது. தங்கள் நாட்டில் எழுத முடியாத எழுத்தாளர்களுக்கு வீடு கொடுத்துப் பாதுகாக்கிற சிட்டி ஆஃப் அசைலம் அமைப்பு நடத்துவது. வாசிப்பும் ஜாஸும் பெரும்பாலும் இலவசம். அந்த அமைப்பு கொடுத்த வீட்டில் முதலில் வந்து தங்கியவர் சீனாவில் பல ஆண்டுகள் சிறையில் இருந்த கவிஞர் ஹுவாங் ஷியாங். 2004இல் சாம்ப்சோனியா வேயில் தனக்குக் கொடுத்த வீட்டின் வெளிச்சுவர் முழுக்கச் சீன எழுத்தில் தன் கவிதைகளை எழுதினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், கதவைத் தட்டிப் பேசினார்கள். நீங்கள் இருவரும் ஒரு சனிக்கிழமை அங்கே போங்கள், விழாவில் சந்தித்த ஒரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு.

சரி, நாலு பேர் சேர்ந்துவிட்டால் ஸ்க்விரல் ஹில் நூலகக் கிளையில் கூடிப் படித்துப் பேச மாதம் ஒரு நாள் கூட்ட அறை கிடைக்குமா என்று விசாரியுங்கள். இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணி என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நினைவிருக்கும். முதலில் சிறுகதைகளை எடுத்துக்கொள்வது நல்லது. எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். எந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று குழப்பமாக இருந்தால் எழுதுங்கள், யோசித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா