பழைய ராப்புக்கு ஒரு வானொலி: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஹிப்ஹாப்பின் ஐம்பதாண்டுகள் பற்றிய கட்டுரையில், எண்பதுகள், தொண்ணூறுகளின் ராப்பை மட்டும் ஒலிபரப்பும் ‘கிளாசிக் ஹிப்ஹாப்’ நிலையம் அமெரிக்காவின் ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் டெக்சஸில் வசிக்கிறேன். அப்படிப்பட்ட நிலையங்களைக் காரில் கேட்டிருக்கிறேன். முதல் வாரம் கொண்டாட்டமாக இருக்கும். அப்புறம் அடுத்த பாட்டு எது என்று நானே சொல்லிவிடுவேன். நம் ஊர் எஃப்.எம்.மில் ராத்திரியானால் இளையராஜா போடுவதுபோல இதுவும் நாற்பது வயதுக்காரர்களின் ஏக்கத்தை வைத்து நடக்கும் வியாபாரம்தானே? போனில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது இதற்கு ஒரு அலைவரிசை எதற்கு?

ஆர்., டெக்சஸ்

அன்புள்ள ஆர்.,

வியாபாரம்தான், மறுக்கவில்லை. உங்கள் மாநிலத்தில்தான் அது பெரிதாகக் கிளம்பியது. ஹூஸ்டனில் 92.1 என்ற அலைவரிசை 2011இலிருந்து முழுநேரச் செய்தி நிலையமாக இருந்தது. கேட்க ஆளில்லை. 2014 அக்டோபரில் ஒருநாள் செய்தியை நிறுத்தி, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சில நாட்கள் வெறும் பியான்சே பாடல்களாகப் போட்டார்கள். அவர் அந்த ஊர்ப் பெண். அதன்பின் பழைய ஹிப்ஹாப்புக்கு மாறினார்கள். அந்த மாதக் கணக்கிலேயே நிலையத்தின் நேயர் பங்கு, அதாவது ஊரில் வானொலி கேட்பவர்களில் இதைக் கேட்டவர்களின் சதவீதம், 1.0இலிருந்து 3.2ஆக ஏறியது. அந்த நிலையத்தை நடத்திய நிறுவனமே சில வாரங்களில் ஃபிலடெல்ஃபியாவிலும் டல்லாஸிலும் இதையே செய்தது. ஹூஸ்டன் நிலையம் மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்சிக்கு அது வலுவான சாட்சி.

ஆனால் இளையராஜா ஒப்பீடு எனக்கு ஒத்துவரவில்லை. அவர் பாடல்கள் வெளிவந்த காலத்திலேயே வானொலியில் ஒலித்தவை. ராப்பின் கதை வேறு. எண்பதுகளில் கறுப்பின மக்களுக்கான நிலையங்களே ‘எங்களிடம் ராப் கிடையாது’ என்று பெருமையாக விளம்பரம் செய்துகொண்டன. ராப் போட்டால் வசதியான, வயதில் மூத்த நேயர்கள் போய்விடுவார்கள், விளம்பரதாரர்கள் பின்னாலேயே போவார்கள் என்று பயம். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று நிலையங்களுக்குச் சொன்னவர்கள் வானொலி ஆலோசகர்கள். வானொலி ஆலோசகரை எப்படிக் கொல்வது என்ற தலைப்பிலேயே பப்ளிக் எனமி என்ற ராப் குழு 1991இல் ஒரு பாட்டு போட்டது என்றால் கோபத்தின் அளவு தெரியும். (பிற்பாடு இந்த வகை நிலையங்களை வடிவமைத்து விற்றவர்களும் ஆலோசகர்கள்தான்.)

விதிவிலக்காக இருந்தது லாஸ் ஏஞ்சல்ஸின் கே-டே, ஏ.எம். 1580. ராப்பை நாள் முழுக்க நம்பிய முதல் நிலையம் என்று அதைச் சொல்வார்கள். 1983இல் அதன் இசைப் பொறுப்புக்கு வந்த கிரெக் மேக், ஹூஸ்டன் வானொலியிலிருந்து போனவர். நிலையத்துக்குப் பணம் இல்லை, ஏ.எம். ஒலியும் சுமார். அவர் உள்ளூர் டி.ஜே.க்களைப் பிடித்து மிக்ஸ் செய்யச் சொன்னார். அவர்களில் இருவர் டாக்டர் ட்ரே, டி.ஜே. யெல்லா. பிற்பாடு இவர்கள் இருந்து பேர்வாங்கிய என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு அப்போது பிறக்கவே இல்லை. 1991இல் கே-டே கைமாறி வணிகச் செய்தி நிலையமாகிவிட்டது. அங்கே ஹிப்ஹாப்பை எடுத்துவிட்டுச் செய்தி போட்டார்கள், இருபத்து மூன்று வருடம் கழித்து ஹூஸ்டனில் செய்தியை எடுத்துவிட்டு ஹிப்ஹாப் போட்டார்கள். பகல் நேர வானொலியில் முதல் முறை இடம் கிடைக்காத பாடல்கள் கிளாசிக் ஹிப்ஹாப்பில் ஏராளம். அவற்றை ‘மறு ஒலிபரப்பு’ என்று எப்படிச் சொல்வது?

சரி, போனுக்கு வருவோம். டி லா சோல் குழுவின் முதல் ஆல்பம் 1989இல் வந்தது. ஹிப்ஹாப்பின் முதல் பத்தில் வைக்கக்கூடியது என்பது என் கணக்கு. அது ஸ்பாட்டிஃபைக்கு வந்தது 2023 மார்ச்சில். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை வெட்டி ஒட்டிச் செய்த ஆல்பம் அது. துணுக்குகளுக்கான ஒப்பந்தங்கள் கேசட், இசைத்தட்டுக் காலத்தவை. டிஜிட்டலுக்கு அவை செல்லுமா என்ற சிக்கலில் வருடக்கணக்காகக் கிடந்தது. வானொலிக்கு அந்தச் சிக்கலே கிடையாது. அமெரிக்காவில் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் பாடலை எழுதியவர்கள் தரப்புக்கு மொத்தமாக ஓர் உரிமத் தொகை கட்டினால் போதும். ஒலிப்பதிவுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசும் தர வேண்டாம். எழுத்தில் பங்கில்லாத பாடகருக்கு இதனால் ஒரு செண்ட்கூடப் போகாது, அது பெரிய அநியாயம். ஆனால் போனில் இல்லாத அந்த ஆல்பத்தை அத்தனை வருடமும் எந்த வானொலி நிலையமும் எந்த நிமிடமும் போட்டிருக்கலாம் என்பதும் உண்மை.

வானொலியில் கெட்ட வார்த்தைகளை வெட்டித்தான் போடுவார்கள். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. எமினெமின் ஒரு பாட்டை, வெட்டிய வடிவத்தில் போட்டதற்கே, கொலராடோவில் ஒரு நிலையத்துக்கு, ஒலிபரப்பை மேற்பார்க்கும் அரசு ஆணையத்தார் 2001இல் 7,000 டாலர் அபராதம் விதித்தார்கள். மறு வருடம் ரத்து செய்துவிட்டார்கள், ஆனால் அந்தப் பயத்தில்தான் இன்னும் பாதி வரிகள் ஊமையாக இருக்கின்றன.

இனி உங்கள் நியாயமான புகார். ஒரே பாட்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ரேட்டிங் கணக்கெடுப்புக்காக முன்பு நேயர்கள் எதைக் கேட்டோம் என்று டைரியில் எழுதிக் கொடுப்பார்கள். 2007இலிருந்து பேஜர் அளவிலான ஒரு கருவியைப் பெரிய நகரங்களில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவும் ஹூஸ்டனும்தான் முதலில். ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு ஒளிந்திருக்கும், இடுப்பில் மாட்டிய கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். முடிவெட்டும் கடையில் தற்செயலாகக் காதில் விழுந்ததுகூடக் கணக்கில் வரும். தெரியாத பாட்டு வந்ததும் நேயர் ஸ்டேஷனை மாற்றினால் அதுவும் தெரிந்துவிடும். இதைப் பார்க்கிற நிர்வாகி என்ன செய்வார்? யாரும் மாற்றாத பாட்டை மட்டும் வைத்துக்கொள்வார். பட்டியல் சில நூறு பாட்டாகச் சுருங்கும், எல்லா ஊரிலும் ஒரே பட்டியலாகும், நீங்கள் அடுத்த பாட்டைச் சொல்ல ஆரம்பிப்பீர்கள். இப்படி நடத்தினால் எந்த வடிவமும் சலிக்கும். கிளாசிக் ராக் நிலையங்களும் இந்தக் குழியில்தான் விழுந்தன.

நான் வேண்டும் என்று சொல்லும் நிலையம் வேறு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டு போட்ட விருந்தைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம்ஸ் மட்டும் வரும் துண்டை மாற்றி மாற்றி நீட்டியவர் அவர். கூட்டத்தைப் பார்த்து அடுத்து எதைப் போடுவது என்று ஒருவர் முடிவு செய்வதுதான் இந்த இசையின் ஆரம்பம். அந்த ஆளை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கணினியில் ஓடவிட்டால் நீங்கள் சொல்வது சரி, போனே போதும். ஆகவே ஹூஸ்டனில் அப்படி ஒரு நிலையம் மறுபடி வந்தால் ராத்திரி நேரத்தை அந்த ஊரின் மறைந்த டி.ஜே. ஸ்க்ரூவின் கேசட்டுகளுக்குக் கொடுக்கவேண்டும். வேகத்தைக் குறைத்து, இழுத்து இழுத்துப் பாடவைத்த கேசட்டுகளைத் தன் வீட்டு வாசலிலேயே விற்ற மனிதர் அவர். ஹூஸ்டன் ராப் குழுவான கெட்டோ பாய்ஸின் ஒரே ஒரு ஹிட்டோடு நிறுத்தாமல் மற்றதையும் போடவேண்டும். ஃபிலடெல்ஃபியா நிலையத்தில் இது எதுவும் வரவேண்டிய அவசியமில்லை, அவர்களுக்கு அவர்கள் ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். ரேட்டிங் கொஞ்சம் அடிபடும். ஹூஸ்டனில் பாதுகாப்பான பட்டியல் வைத்தும் மூன்று வருடம் தாங்கவில்லையே, இதையும் ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

கே-டே என்ற பெயர் 2004இல் எஃப்.எம். 93.5இல் திரும்ப வந்தது. பழைய ஹிப்ஹாப்தான் போடுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போனால் கேளுங்கள். நகரத்தின் எல்லாப் பகுதியிலும் சிக்னல் சரியாக எடுக்காது, அதற்கு நான் பொறுப்பில்லை.