பழைய கணினிகளை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 40 பழைய கணினிகள், பிக்சர் டியூப் மானிட்டர்கள், யுபிஎஸ்கள் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் நல்ல விலை தருகிறார். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் குறைவாகத்தான் தருகிறது. யாரிடம் கொடுப்பது? சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துமா? - ஆய்வகப் பொறுப்பாளர், ஈரோடு

பதில்: விலை குறைந்தாலும் பதிவு பெற்ற நிறுவனத்திடமே கொடுங்கள்.

அந்தக் கூடுதல் விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று பாருங்கள். உடைக்கிற இடத்தில் பிக்சர் டியூபின் கழுத்தில் ஒரு தட்டு தட்டி, சுற்றியிருக்கும் செம்புக் காயிலை உருவிக்கொள்வார்கள். கண்ணாடி அப்படியே குப்பைமேட்டுக்குப் போய்விடும். அதன் பின்பக்கக் கூம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. வயரைக் கொளுத்தினால் டயாக்சின் என்ற நச்சு கலந்த புகை. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் ராம்கங்கா ஆற்றங்கரையில் குவிந்த மின்கழிவுச் சாம்பல் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பதிவு பெற்றவரோ காசு தராத கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கையாள வேண்டும். அந்தச் செலவுதான் விலையில் குறைகிறது.

இந்த விலை இடைவெளியை அடைக்காத எந்தத் தேசிய ஏற்பாடும் நிற்காது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. தயாரிப்பு நிறுவனங்களுக்கு மறுசுழற்சி இலக்கு உண்டு: 2025-26இல் 70 சதவீதம், 2027-28 முதல் 80. அதை எட்ட, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து மறுசுழற்சிச் சான்றிதழை விலைக்கு வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பொருளைக் கொடுப்பவர் கைக்கு வந்தால்தான் சரக்கு சரியான இடத்துக்குப் போகும். சுவிட்சர்லாந்தில் பொருள் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணமும் விலையில் சேர்ந்துவிடும். அதனால் பழையதைக் கடையிலேயே இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். நம் ஊரில் தெருத் தெருவாகப் போய் எடுக்கும் வியாபாரிதான் சேகரிப்பின் முதுகெலும்பு. அவரைத் துரத்தக் கூடாது. பிரிக்காமல் முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தால் அவருக்கும் கூலி நிற்க வேண்டும். மின்கழிவு மறுசுழற்சியில் ஈடுபடும் தொழிலாளர்களை அங்கீகரித்துப் பதிவு செய்யும் பொறுப்பை விதிகள் மாநிலத் தொழிலாளர் துறையிடம் கொடுத்திருக்கின்றன. நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

சரி, சட்டம். ஒரு நிதியாண்டில் எப்போதாவது குறைந்தது 1,000 மின், மின்னணுப் பொருள்களைப் பயன்படுத்தியிருந்தால், விதிகளின்படி நீங்கள் மொத்த நுகர்வோர், அதாவது பெருமளவில் பயன்படுத்துபவர். பதிவு பெற்றவரிடம் கொடுப்பது அப்போது கட்டாயம். கழித்துப்போட்ட 40ஐ மட்டும் எண்ணாதீர்கள். கல்லூரி முழுக்க உள்ள கணினி, பிரிண்டர், ஏசி எல்லாம் கணக்கில் வரும்.

கொடுக்கும் முன், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்கழிவு இணையதளத்தில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி வேறு இடத்தில் விற்கும் இடைத்தரகர்களும் உண்டு என்பதால் ஆலையின் முகவரியைக் கேளுங்கள், முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எடைச்சீட்டு, ரசீது இரண்டையும் வாங்கி வையுங்கள். ஹார்டு டிஸ்க்குகளை உங்கள் கண்ணெதிரே துளையிடச் சொல்லுங்கள், மாணவர் விவரங்கள் அதில் இருக்கும். யுபிஎஸ் பேட்டரிக்குத் தனி விதி. அதைக் கழற்றி, புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

விலை இன்னும் உறுத்தினால் பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்து ஒரு லாரி லோடாகப் பேசுங்கள். வண்டி வாடகை பிரிந்துபோகும், பேரம் பேசவும் இடம் கிடைக்கும்.