சாப்பாடு நெஞ்சில் அடைக்கிறது, தண்ணீர் குடித்தால் இறங்குகிறது: டாக்டரிடம் போக வேண்டுமா?

அம்மாவுக்கு 58 வயது, சில வாரமாக இப்படி இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிப் போங்கள். தண்ணீர் குடித்தால் இறங்குகிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். உணவுக்குழாய் ஓரிடத்தில் குறுகினால் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். முதலில் கெட்டியானது நிற்கும், அப்புறம் குழைந்த சோறு, கடைசியில்தான் தண்ணீர்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். காரணம் களி. களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, கீரைக் கடைசலில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். பெரியவர்கள் சோற்றை விட்டுக் களிக்கும் கூழுக்கும் மாறினால் வீட்டில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. பாலக்கோட்டில் என் அப்பா முதலில் கறியை ஒதுக்கினார். பிறகு சப்பாத்தியை. களி உருண்டை நெல்லிக்காய் அளவுக்குச் சிறுத்தது, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். கூழையும் இன்னும் கரைத்துத் தரச் சொன்ன அன்றுதான் என் அம்மா, "இது சரியில்ல, கெளம்புங்க" என்றார். எண்டோஸ்கோப்பி செய்தார்கள், அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்தார்கள். பல வருஷ நெஞ்செரிச்சலால் உணவுக்குழாயின் அடியில் தழும்பு விழுந்து சுருங்கியிருந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை. பலூன் வைத்து விரித்துவிட்டார்கள், இப்போது களி நன்றாக இறங்குகிறது.

அதனால் உங்கள் அம்மாவிடம் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார். "முன்னாடி சாப்பிட்டதில் இப்போ எதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது, சோறு மட்டுமா தண்ணீருமா என்பதையும் சொல்லுங்கள். ஆரம்பத்திலிருந்தே இரண்டும் நின்றால், குழாயின் தசை சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். தண்ணீர் குடித்ததும் புரையேறி இருமினால், அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள்.

எடை குறைவது, குரல் கம்மிப்போவது, சாப்பிட்டது திரும்ப மேலே வருவது, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, இதில் ஒன்று சேர்ந்தாலும் அவசரம் கூடுகிறது. புகையிலை போடுபவர், பீடி பிடிப்பவர், குடிப்பவர் என்றால் உணவுக்குழாய்ப் புற்றுக்கு வாய்ப்பு அதிகம். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் தொண்டைக்குக் கீழே மெல்லிய சவ்வு வளர்ந்து அடைப்பதும் உண்டு. எனவே ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.

வாரக்கணக்கில் யோசிக்கவே கூடாத நிலைமைகளும் இருக்கின்றன. சாப்பாடு சிக்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தால் உடனே ஆஸ்பத்திரி. திடீரென்று விழுங்க முடியாமல் வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கினாலும் அப்படியே; சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஒகேனக்கல்லில் மீன் சாப்பிட்டு முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள். முள் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்ளக்கூடும், வேண்டாம்.

சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது, சும்மா இருக்கும்போது மட்டும் தொண்டையில் உருண்டை இருப்பதுபோலத் தோன்றுகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. அது போகாமலே இருந்தால் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டலாம். எண்டோஸ்கோப்பி என்றதும் அம்மா பயந்தால், தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டுத்தான் குழாயை விடுவார்கள், சில நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை அவர்களே சொல்வார்கள். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.