மடலிலிருந்து ஓடைக்கு: கிளிநொச்சியிலிருந்து ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

2003ஆம் ஆண்டு தொடங்கிய எங்கள் மடலாடற்குழுவில் பயிர்ச்செய்கை, குளத்து நீர்மட்டம், நெல் விலை பற்றி எழுதப்பட்ட மடல்கள் யாவும் ஒரே எம்பாக்ஸ் கோப்பாக என்னிடம் இருக்கின்றன. இப்போதும் வாரம் ஐந்தாறு மடல்கள் வருகின்றன. ஆனால் இளையவர்கள் மின்னஞ்சலைத் திறப்பதில்லை. அதனால் மடல்களை, செயலிகள் எடுத்துப் படிக்கும் ஆர்எஸ்எஸ் செய்தியோடையாக மாற்ற என் தம்பி பைதன் மொழியில் ஒரு நிரல் எழுதினான். முதல் நாளே சில தலைப்புகள் உடைந்து வந்தன. ஒருவர் கேட்டதற்கிணங்க ஒரு பழைய மடலை நீக்கிய மறுநாள், ஓடையில் இருந்த மடல்கள் எல்லாம் புதியவைபோல் மீண்டும் வந்து குவிந்தன. எங்கே பிழை விட்டோம்?

வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மடலும் ஓடையும் நெருங்கிய உறவுக்காரர்கள். மின்னஞ்சலுக்கு 1982இல் வகுக்கப்பட்ட திகதி வடிவத்தையே ஆர்எஸ்எஸ் 2.0 இன்றும் கேட்கிறது. தலைப்பு, எழுதியவர், நேரம் எல்லாம் மடலிலேயே உண்டு. ஆகவே இது அரைநாள் வேலை என்று உங்கள் தம்பி எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

பழையவை புதியவையாக வந்ததற்குக் காரணம் அடையாளம். ஓடையைப் படிக்கும் செயலி ஒரு பதிவை முன்பு கண்டதா இல்லையா என்பதை, அந்தப் பதிவோடு வரும் அடையாளக் குறியைக் கொண்டுதான் முடிவு செய்கிறது. தம்பி அந்த இடத்தில் மடலின் வரிசை எண்ணையோ, அந்த எண் அடங்கிய இணைய முகவரியையோ இட்டிருப்பான் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு மடலை எடுத்துவிட்டுச் சேமிப்பை மறுபடி கட்டினால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நகரும். செயலிக்கு அவை அத்தனையும் அறியாத முகங்கள். மடலாடற்குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மான் 2இன் சேமிப்புப் பக்கங்களிலும் இதே குறை இருந்தது. ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்று ஒரு வரி உண்டு. அது மடல் புறப்படும்போதே இடப்படுவது, எந்தச் சேமிப்பிலும் மாறாதது. அதையே அடையாளமாக வையுங்கள். ஆர்எஸ்எஸ்ஸில் வைக்கும்போது அது இணைப்பு அல்ல என்று பண்புக்கூறில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் செயலி அதைச் சொடுக்கக்கூடிய முகவரி என்று எடுத்துக்கொள்ளும்.

தலைப்பு உடைவது தமிழுக்கே உரிய தொல்லை. மின்னஞ்சலின் தலைப்பு வரி பழைய ஆங்கில எழுத்துகளை மட்டும் தாங்கும்படி அமைந்ததால், தமிழ்த் தலைப்பு, பைட்டுகளை ஆங்கில எழுத்துகளாக எழுதும் பேஸ்64 முறையில் பொதியப்பட்டுப் பயணிக்கிறது. ஒரு பொதிக்கு 75 எழுத்துகளே எல்லை. பொதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் உறைக்கான 12 போக, 3 பைட்டுகள் 4 எழுத்துகளாவதால் உள்ளே 45 பைட்டுகள் அடங்கும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் தேவை என்பதால் ஒரு பொதிக்கு 15 குறிகள்தான். ‘முல்லைத்தீவு மழை’ என்று ஒருவர் தலைப்பிட்டால், மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்பட்டு முல்லைத்தீவு மட்டுமே 12 குறிகள் ஆகிறது. மழைக்கு 3, இடைவெளிக்கு ஒரு பைட்டு, ஆக 46. ஒரே ஒரு பைட்டு மிஞ்சுகிறது. சில மடல் மென்பொருள்கள் விதியைப் பாராமல் அந்த இடத்திலேயே வெட்டி, ஐகாரக் குறியின் 2 பைட்டுகளை முதற்பொதியிலும் ஒன்றை அடுத்ததிலும் வைத்துவிடும். ஒவ்வொரு பொதியையும் தனித்தனியே அவிழ்த்தால் மழை ‘மழ’ என்று நின்று, பக்கத்தில் கேள்விக்குறி முளைக்கும். அடுத்தடுத்த பொதிகளின் பைட்டுகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகே எழுத்தாக்க வேண்டும். பைதனோடு வரும் மின்னஞ்சல் நூலகம் இதைச் செய்து தருகிறது. தம்பி தானே கைப்பட வெட்டி ஒட்டியிருப்பான் என்று நினைக்கிறேன்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்ட மடல்கள் வேறு கதை. ‘அம்மா’ என்று எழுதியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கோப்பில் கிடக்கும். அது பாமினி என்று மடலின் எந்த வரியும் சொல்வதில்லை. ஊகித்து மாற்றப் போனால் ஆங்கில மடல்களும் சேர்ந்து கெடும். ஓடையில் கடைசி 20 மடல்கள் இருந்தாலே போதும் என்பதால் இவற்றைத் தொடவே தேவையில்லை. ஒரு நாள் முழுச் சேமிப்பையும் இணையத்தளத்தில் வரிசைப்படுத்தி வைக்க விரும்பினால் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அப்படி வரிசைப்படுத்தும்போது, நீங்கள் கேட்காத இன்னொரு சிக்கலும் தலைகாட்டும். இலங்கை 1996இல் தன் நேரத்தை முதலில் ஒரு மணி முன்னகர்த்தி, அதே ஆண்டில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரல் 15 வரை உலக நேரத்துக்கு 6 மணி முன்னால் வைத்திருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய ஐந்தரையிலேயே நின்றது. இரு பகுதிகளுக்கும் இடையே சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைக் கடந்து கடிகாரத்தைத் திருகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசின் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவிலிருந்து காலை 9 மணிக்கு ஒரு கேள்வி வருகிறது. பத்து நிமிடம் கழித்துக் கிளிநொச்சியிலிருந்து பதில் போகிறது, ஆனால் அங்கே மணி 8.40. நிரல் மணியை மட்டும் பார்த்து நேரவலயத்தை விட்டுவிட்டால், பதில் கேள்விக்கு முன்னால் போய் நிற்கும். இது நிரலின் பிழை, திருத்தலாம். கணினியில் நேரவலயத்தைக் கொழும்பு நேரத்திலேயே விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளி வைத்தவர்களும் இருந்தார்கள் (நானும் அவர்களில் ஒருவன்). அந்த மடல்களின் திகதி வரியே பொய். அவற்றுக்கு, மடலைப் பெற்றுக்கொண்ட வழங்கிக் கணினி தன் கையால் எழுதும் ‘ரிசீவ்ட்’ வரியில் மேலே இருப்பதை நம்புங்கள்.

அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியையும், மடலின் அடியில் உள்ள தொலைபேசி எண்ணையும் ஓடையில் விடாதீர்கள். 2009க்குப் பிறகு உறவுகளைத் தேடி எழுதப்பட்ட மடல்கள் உங்கள் சேமிப்பில் இருந்தால், எழுதியவரைக் கேட்காமல் அவற்றை வெளியே எடுக்கவே கூடாது. குழுவில் எழுதியவர் குழுவுக்குத்தான் எழுதினார். ஓடையில் போனது எத்தனை வழங்கிகளில் பிரதியாகும் என்று நமக்குத் தெரியாது, பிறகு அழித்தாலும் அது திரும்பி வராது.

சோதனைக்கு 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது வந்த மடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்ததைப் பற்றிய ஒரே தலைப்பின் கீழ்ப் பதில்மேல் பதிலாக வந்திருக்கும் என்பதால், இழையாகக் கோப்பதையும் தனித்தனிப் பதிவாக விடுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் தனித்தனியாக விடுவேன். நீர்மட்டம் பெரும்பாலும் பதிலில்தான் இருக்கும். ஆனால் ஓடையைப் படிக்கும் செயலிகள் தாமாகப் போய்ப் பார்க்கும்போதுதான் செய்தி வரும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகையால் கதவு திறக்கும் அறிவித்தலை மட்டும் இப்போதுபோலவே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருங்கள்.