125 சிசி பைக்குக்கு எந்த ஆயில், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

கேள்வி: திண்டுக்கல்லில் ஆசிரியராக இருக்கிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் 125 சிசி பைக் வாங்கினேன். பள்ளி மூன்று கிலோமீட்டர் தொலைவு. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் திரும்புவதால் நாளொன்றுக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது. 10டபிள்யூ-30 ஆயில் ஊற்ற வேண்டும், 6,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் உள்ளது. மெக்கானிக்கோ, “நம்ம ஊர் வெயிலுக்கு அது தண்ணியா ஓடிடும் சார், 20டபிள்யூ-50 போடுங்க, 2,000-க்கு ஒரு தடவை மாத்திடுங்க, எப்படிக் கறுத்துப்போச்சு பாருங்க” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஆயிலின் கிரேடில், அதாவது 10டபிள்யூ-30 போன்ற எண்ணில், கையேட்டைக் கேளுங்கள். மாற்றும் இடைவெளியில் உங்கள் மெக்கானிக் சொன்ன எண் உங்களுக்கு மட்டும் ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. அந்தக் காரணத்தை நம்பினால் தேவையற்ற வேறு செலவுகளிலும் இறங்கிவிடுவீர்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

10டபிள்யூ-30 என்பதில் முதல் எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கிறது. அதாவது, சூடான எஞ்சினுக்குள் ஆயில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த 30 ஏற்கெனவே சொல்லிவிடுகிறது. ஊர் வெயிலுக்கென்று தனியாக ஓர் எண்ணைக் கூட்டத் தேவையில்லை. இந்தியச் சாலைகளில் ஓடுவதற்கென்று விற்கப்படும் வண்டிக்கு, சித்திரை வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கிரேடை முடிவு செய்திருக்கிறார்கள். அதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினின் மேல்பகுதிக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

கறுப்பு நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். எஞ்சினுக்குள் உண்டாகும் கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு சுமந்து திரிவதற்கென்றே ஆயிலில் ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே கறுத்த ஆயில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தாலோ, பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, விரலில் தேய்க்கும்போது உலோகத் துகள் மின்னினாலோதான் கவலைப்பட வேண்டும்.

கிரேடைவிட முக்கியமான ஓர் எழுத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. அந்த ஆயிலில் வழவழப்பு அதிகமானால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். எஞ்சின் இரைந்தாலும் வண்டி இழுக்காது. இதற்காகவே ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பு எம்ஏ, எம்பி என்று வகை பிரித்திருக்கிறது. கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. கேனின் பின்புறத்தில் இது பொடி எழுத்தில்தான் இருக்கும், தேடிப் பாருங்கள். “கார் ஆயில், இன்னும் உசத்தி” என்று சொல்லி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கார் ஆயில்களில் பல, எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வழவழப்புக் கூட்டப்பட்டவை. கிரேடும் எம்ஏ முத்திரையும் சரியாக இருந்தால் சாதாரண ஆயிலே உங்கள் வண்டிக்குப் போதும். முழு சிந்தெட்டிக் எனப்படும் செயற்கை ஆயிலை ஊற்றினால் கெடுதல் இல்லை, கட்டாயமும் இல்லை.

இனி, நான் யாரிடமும் சொல்லாமல் விடாத எச்சரிக்கை. சில ஆயில் கேன்களோடு வரும் கூப்பனை ஸ்கேன் செய்தால் மெக்கானிக்கின் கணக்கில் பரிசுப் புள்ளிகள் சேரும். எல்லா மெக்கானிக்குகளும் அதற்காகவே பேசுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆயிலை அடிக்கடி மாற்றச் சொல்வதில் அவருக்கு ஆதாயம் உண்டு என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் எஞ்சின் பிளஷ், கோட்டிங், சின்னக் குப்பியில் வரும் ட்ரீட்மென்ட் ஆகியவற்றில் எதையும் கையேடு கேட்கவில்லை. பில்லில் அவை இருந்தால், எழுதியவரையே நீக்கச் சொல்லுங்கள். ஆயிலை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையிலோ பெட்ரோல் பங்கிலோ நீங்களே வாங்கி, மூடியின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லி, ஊற்றி முடித்ததும் காலி கேனைக் கேட்டு வாங்கி, ஆணியால் துளையிட்டுவிட்டுப் போடுங்கள். லேபிள் கிழியாத காலி கேன்தான் போலி ஆயில்காரர்களுக்கு முதலீடு. கேன்களை மறுபடி நிரப்ப முடியாதபடி செய்வதும், தமிழ்நாட்டில் விற்கும் வண்டிக்குத் தமிழில் கையேடு தருவதும் அரசும் நிறுவனங்களும் என்றைக்கோ செய்திருக்க வேண்டிய வேலைகள். அவற்றைச் செய்யாமல் ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்’ என்று விளம்பரம் போட்டுவிட்டுப் பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது எனக்குத் தாங்கமுடியாத எரிச்சலைத் தருகிறது.

இடைவெளிக்கு வருகிறேன். நாள்தோறும் 30, 40 கிலோமீட்டர் ஓட்டுபவர் கையேட்டில் உள்ள 6,000-ஐ நம்பிப் போகலாம். 2,000-க்கு ஒரு முறை மாற்றுவது அவருக்கு வீண் செலவு. அதோடு, பழைய ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை அடிக்கடி கழற்றி முரட்டுத்தனமாக முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். உங்கள் கதை வேறு. எஞ்சினில் பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் ஆயில் இருக்கும் பகுதிக்கும் இறங்கி, சோற்றுப்பானை மூடியில் கோப்பதுபோல உள்சுவரில் நீராகக் கோக்கும். எரியாத பெட்ரோலும் சிறிதளவு ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இவ்விரண்டும் ஆவியாகிப் போய்விடும். உங்கள் வண்டியோ மூன்று கிலோமீட்டரில், ஆயில் முழுதாகச் சூடேறுவதற்குள் நின்றுவிடுகிறது. நாளுக்கு நான்கு முறை இப்படி நடக்கிறது. ஈரம் போகாமல் சேரும், ஆயிலில் அமிலத்தன்மை கூடும். வேலை நாட்களை மட்டும் கணக்கிட்டால் உங்களுக்கு 6,000 கிலோமீட்டர் ஆக ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடிக்கும். அதுவரை அந்த ஆயிலை விட்டுவைக்கக் கூடாது. கையேட்டின் அட்டவணையில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. உங்களைப் போலக் குறுந்தூரம் ஓட்டுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. அது ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரிலேயே வந்து நிற்கும். வாரத்தில் ஒரு நாள் வத்தலக்குண்டு பக்கம் ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தாலும் ஆயிலில் உள்ள ஈரம் பெருமளவு குறையும்.

மாதம் ஒரு முறை ஆயில் மட்டத்தையும் பாருங்கள். ஆயில் பழசாவதைப் போலவே அது குறைவதும் எஞ்சினைக் கெடுக்கும். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் மட்டம் தவறாகக் காட்டும். மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். செருகும்போது மரையில் முறுக்க வேண்டுமா, சும்மா வைத்தால் போதுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் அதே கிரேடில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்; மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். ஊற்றிய ஒரு மாதத்துக்குள் மறுபடி இறங்கினால் வண்டி ஆயில் குடிக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. வாரன்டி மீதமிருந்தால் சர்வீஸ் சென்டரில் அதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் வண்டியின் குறைகளைப் பதியும் ஜாப் கார்டில் எழுதவைத்து ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.