ரெயூனியனில் ஏறி ரோட்ரிக்ஸில் இறங்க வேண்டியவர்கள்: 250 யூரோ யாருக்கு உண்டு?

ரோட்ரிக்ஸ் தீவில் கணவரின் பணி நிமித்தம் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் 72 வயதான தாயாரும் ஒரே முன்பதிவில், ரோட்ரிக்ஸிலிருந்து மொரிஷியஸ் வழியாக ரெயூனியன் சென்று அதே வழியில் திரும்பும் பயணச்சீட்டு வாங்கி, சேன் ஆந்த்ரேயில் நடந்த உறவினர் திருமணத்திற்குப் போயிருந்தார்கள். தம்பியும் உடன் வந்தார். ஆனால் அவர் மலிவாகக் கிடைத்ததால் மொரிஷியஸ்–ரெயூனியன் சீட்டைத் தனியாகவும் ரோட்ரிக்ஸ் சீட்டைத் தனியாகவும் வாங்கியிருந்தார். திரும்பும் நாளில், ரோலாந் காரோஸ் விமான நிலையத்தில் "தொழில்நுட்பக் காரணம்" என்று அறிவித்து விமானத்தை ரத்து செய்தார்கள். அன்றிரவு உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் மாலைதான் மொரிஷியஸின் பிளேசான்ஸ் விமான நிலையம் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் ரோட்ரிக்ஸ் விமானம் போய்விட்டது. அடுத்த இடம் இரண்டு நாள் கழித்தே கிடைத்தது. அந்த நிலையத்துக்கு அருகிலுள்ள மாபூரில் தங்கும் விடுதிக்கும் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் 9,400 மொரிஷியஸ் ரூபாய் கைக்காசு செலவாயிற்று. தாயாரின் மருந்துகள் இருந்த பெட்டி, அவர்கள் வீடு சேர்ந்த பிறகும் நான்கு நாள் கழித்தே வந்தது. விமான நிறுவனமோ, "ரோட்ரிக்ஸ் விமானம் உள்நாட்டுச் சேவை, ஐரோப்பிய விதி அதற்குப் பொருந்தாது, நல்லெண்ணத்தின் பேரில் ஒரு வவுச்சர் தருகிறோம்" என்று பதில் எழுதியிருக்கிறது. "நாங்கள் கேட்பதற்கு உரிமை இருக்கிறதா, அல்லது தீவில் வாழ்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா?" என்பது அவர் கேள்வி.

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த வவுச்சர் தாளில் இன்னும் கையெழுத்திடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து இட வேண்டாம். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

விமானப் பயணிகளின் உரிமைகளைப் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஒழுங்குவிதி ஆகும். ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கை செல்லுபடியாகும் நிலப்பகுதியில் உள்ள எந்த விமான நிலையத்திலிருந்து புறப்பட்டாலும், விமான நிறுவனம் எந்த நாட்டைச் சேர்ந்ததாக இருந்தாலும், இவ்விதி பயணியைக் காக்கிறது. ரெயூனியன் பிரான்சின் கடல் கடந்த மாவட்டம் என்பதோடு, ஒன்றியத்தின் தொலைதூரப் பிரதேசங்களில் ஒன்றாக அந்த உடன்படிக்கையிலேயே பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சேன்ட் மரியில் உள்ள ரோலாந் காரோஸ் நிலையத்தில் ஏறுபவருக்கும் பாரிஸில் ஏறுபவருக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு கிடையாது. சேன் பியேருக்கு அருகிலுள்ள பியேர்ஃபோன் நிலையத்துக்கும் இது பொருந்தும்.

எதிர்த்திசையில் நிலைமை அப்படியல்ல. மொரிஷியஸிலிருந்து ரெயூனியன் செல்லும்போது, ஐரோப்பிய உரிமம் பெற்ற நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே இந்த விதி உதவும். ஏறத்தாழ 230 கிலோமீட்டர் கடல்தான். ஆனால் எந்தக் கரையில் ஏறினோம் என்பதைப் பொறுத்து உரிமை மாறிவிடுகிறது. போவதும் வருவதும் ஒரே சீட்டில் இருந்தாலும் அவை ஒரே விமானப் பயணமாகக் கருதப்படமாட்டா என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் எமிரேட்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே நீங்கள் போகும்போது தாமதம் நேர்ந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இடையூறு நேர்ந்தது திரும்பும் வழியில், ரெயூனியன் மண்ணில் என்பதே உங்கள் வழக்கின் ஆணிவேர்.

இனி நிறுவனத்தின் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். பிளேசான்ஸிலிருந்து ரோட்ரிக்ஸ் செல்லும் சேவை மொரிஷியஸ் நாட்டுக்குள் நடப்பதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே முன்பதிவில் வாங்கப்பட்ட இணைப்புப் பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கக்கூடாது என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் வெகெனர் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அந்த வழக்கின் பயணி பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் செல்ல, ஐரோப்பியம் அல்லாத ஒரு விமான நிறுவனத்தில் ஒரே முன்பதிவு செய்திருந்தார். காசாபிளாங்காவில் இறங்கியவருக்கு அடுத்த விமானத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மணி நேரம் தாமதமாகவே அவர் அகாதிர் சேர்ந்தார். காசாபிளாங்காவிலிருந்து அகாதிர் செல்வதும் மொரோக்கோவின் உள்நாட்டுப் பயணம்தான். அப்படியிருந்தும் முழுப் பயணமும் பெர்லினில் தொடங்கியது என்றே நீதிமன்றம் கொண்டது. பெர்லின் இருந்த இடத்தில் ரோலாந் காரோஸையும், காசாபிளாங்கா இருந்த இடத்தில் பிளேசான்ஸையும், அகாதிர் இருந்த இடத்தில் ரோட்ரிக்ஸையும் வைத்துப் பாருங்கள். உங்கள் வழக்கு அந்த வழக்கோடு வரிக்கு வரி பொருந்துகிறது. உங்கள் வழக்கில் இடையூறு ஐரோப்பிய மண்ணிலேயே நேர்ந்திருப்பதால், அந்தப் பயணியைவிட உங்கள் நிலை வலுவானது என்றுகூட நான் சொல்வேன்.

எனவே நீங்கள் மூவரும் ரோட்ரிக்ஸை அடைந்த நேரமே கணக்கில் கொள்ள வேண்டியது. 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு ஒருவருக்கு 250 யூரோ என்று ஒழுங்குவிதியின் 7-ஆவது பிரிவு வகுத்திருக்கிறது. மூவருக்கும் சேர்த்து 750 யூரோ. சீட்டின் விலை இதைவிடக் குறைவாக இருந்தாலும் தொகை குறையாது. இந்த இழப்பீட்டை ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும் என்றும், பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே வவுச்சராகக் கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கையெழுத்திட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எழுதியது இதனால்தான்.

"தொழில்நுட்பக் காரணம்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள். உயிர்ப் பாதுகாப்புக்காகத்தானே நிறுத்தினார்கள் என்று நியாயமும் கற்பித்துக்கொள்கிறார்கள். பழுதான விமானத்தைப் பறக்கவிடாதது சரியே. அதற்காக யாரும் குறை சொல்லவில்லை. அந்த நிறுத்தத்தின் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. வியன்னாவிலிருந்து ரோம் செல்லவிருந்த ஒரு விமானத்தின் எஞ்சினில் சோதனையின்போது பழுது கண்டு ரத்து செய்த வழக்கில், பராமரிப்பில் தெரியவரும் பழுதுகள் விமானத் தொழிலின் அன்றாடப் பகுதியே, அவை "அசாதாரணச் சூழ்நிலை" ஆகமாட்டா என்று 2008-இல் தீர்ப்பாயிற்று. உற்பத்தியாளரே அறிவிக்கும் மறைந்திருந்த குறைபாடு, நாசவேலை போன்றவை மட்டுமே விலக்கு. விலக்கை நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்தின் மீதே இருக்கிறது. நீங்கள் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. கடிதத்தில் "என்ன பழுது, எப்போது தெரிய வந்தது, மாற்று விமானத்துக்கு என்ன முயற்சி எடுத்தீர்கள்" என்று மூன்று கேள்விகளையும் நேராகக் கேளுங்கள்.

உங்கள் அண்டை வீட்டார், தீவு விமானங்கள் காற்றையும் மழையையும் நம்பியவை, இழப்பீடு கேட்பது முறையல்ல என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது ரெயூனியனில் ஊதா எச்சரிக்கை அறிவிக்கப்பட்டு விமான நிலையங்கள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் 250 யூரோ கேட்க இயலாது. ரோட்ரிக்ஸில் சர் கேத்தான் துவால் நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,300 மீட்டர் மட்டுமே நீளம் கொண்டது. ஏடிஆர் போன்ற சிறு விமானங்களே அங்கு வந்து போகின்றன, குறுக்குக் காற்று வலுத்தால் விமானி திரும்பிவிடுவதும் உண்டு. ஆனால் வானிலையால் ரத்தானாலும் உணவும் தங்குமிடமும் விமான நிலையத்துக்குப் போய்வரும் வண்டியும் கொடுக்கும் கடமை நிறுவனத்தை விட்டு நீங்குவதில்லை. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியே மூடப்பட்டபோதும் இந்தக் கடமைக்கு நாள் வரம்பு கிடையாது என்று 2013-இல் மெக்டோனா வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். அவருக்கும் ஒருநாள் பயன்படும்.

அந்தக் கடமையின் அடிப்படையிலேயே உங்கள் 9,400 ரூபாயைக் கேட்க வேண்டும். இது 250 யூரோவுக்குள் அடங்கியதல்ல, தனிக் கணக்கு. நிறுவனம் தானாக விடுதி கொடுக்கத் தவறினால், பயணி செலவிட்டதில் தேவையானதும் தகுந்ததும் நியாயமானதுமான தொகையை அது திருப்பித் தர வேண்டும். மாபூரில் சாதாரண விடுதி, விமான நிலையம் வரை டாக்ஸி, வேளைச் சாப்பாடு ஆகியவை இந்த அளவுகோலுக்குள் நிற்கும். ரசீது இல்லாத செலவை எழுத வேண்டாம். ஒரு வரி மிகைப்பட்டாலும் மற்ற வரிகளின் நம்பகத்தன்மை கெடும். ரெயூனியனில் உறவினர் வீட்டில் தங்கிய இரவுக்கு விடுதிக் கட்டணம் கேட்க முடியாது, ஏனெனில் நீங்கள் எதுவும் செலவிடவில்லை. நீங்கள் காத்திருந்த அந்த இரண்டு நாளிலும் ரோட்ரிக்ஸ் விமானத்தில் இடங்கள் இணையத்தில் விற்பனைக்கு இருந்ததை யாராவது படம் பிடித்து வைத்திருந்தால் அது பெரும் சான்று. முடிந்த விரைவில் மாற்றுப் பயணம் தர வேண்டும் என்ற 8-ஆவது பிரிவு மீறப்பட்டதை அது காட்டும்.

தாயாரின் பெட்டியைப் பற்றிய பகுதி, எனக்கு மனவருத்தம் தந்த பகுதி. இதற்கு ஐரோப்பிய விதி அல்ல, 1999-ஆம் ஆண்டின் மொன்ட்ரியால் உடன்படிக்கையே வழி காட்டும். அது பன்னாட்டுப் பயணத்துக்கானது. மொரிஷியஸ்–ரோட்ரிக்ஸ் சீட்டை மட்டும் வாங்கிப் பயணிப்பவருக்கு அது நேரடியாக உதவாது. அவர் பயண ஒப்பந்தத்தையும் நம் மொரிஷியஸ் சிவில் சட்டத்தொகுப்பின் 1147, 1148 பிரிவுகளையும் நம்ப வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் சீட்டு ரோட்ரிக்ஸில் தொடங்கி, வேறு நாட்டில் ஓர் ஒப்புக்கொண்ட தங்கல் கண்டு, ரோட்ரிக்ஸில் முடிகிறது. முழுவதும் ஒரே பயணமாகக் கருதி வாங்கப்பட்டிருந்தால், அதில் ஒரு பகுதி ஒரே நாட்டுக்குள் நடந்தது என்பதால் மட்டும் பன்னாட்டுத் தன்மை போய்விடாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. எனவே "உள்நாட்டுச் சேவை" என்ற வாதம் இங்கும் நிற்காது.

பெட்டி தாமதத்துக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது உச்சவரம்புதான்; தானாகக் கிடைக்கும் தொகை அன்று. தாயார் மீண்டும் வாங்கிய மருந்துகளின் ரசீது, மருத்துவர் சீட்டு, மாற்றுடை வாங்கிய ரசீது என்று காட்டிய அளவுக்கே கிடைக்கும். இதில் எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு: பெட்டி உங்கள் கையில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட்டிருக்க வேண்டும். கவுண்டரில் வாயால் சொன்னது கணக்கில் வராது. பெட்டி வந்து 16 நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதில் உங்களுக்குத் தனியாகவும் அனுப்பப்படுகிறது, கிடைத்த அன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள். சிறு விமானத்தில் எடை மிகுந்ததால் பெட்டியை விட்டுவந்தோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். எத்தனை பேரை ஏற்றுவது, எத்தனை கிலோ ஏற்றுவது என்று திட்டமிடுவது நிறுவனத்தின் கையில் இருப்பது. அதைத் தவிர்க்க முடியாத தடையாக ஏற்கக்கூடாது என்பது என் கருத்து.

தம்பியின் நிலை வேறு. ரத்தான ரெயூனியன்–மொரிஷியஸ் விமானத்துக்கு அவருக்கும் 250 யூரோ உண்டு. மறுநாள்தான் அவரும் பிளேசான்ஸ் வந்தார். ஆனால் ரோட்ரிக்ஸ் சீட்டு தனி ஒப்பந்தம் என்பதால், அந்த விமானத்தைத் தவறவிட்டதும் மொரிஷியஸில் தங்கியதும் இணைப்பு முறிந்ததாகக் கருதப்படமாட்டா. வீணான சீட்டின் விலையைத் தாமதத்தால் விளைந்த இழப்பாக மொன்ட்ரியால் உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவின் கீழ் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று உறுதி கூற என்னால் முடியாது. மலிவாகக் கிடைத்த இரண்டு சீட்டின் உண்மையான விலை இப்படித்தான் தெரிய வருகிறது.

எங்கே, எப்போது முறையிடுவது என்பதில் கவனம் தேவை. 250 யூரோ உரிமை மொரிஷியஸ் சட்டத்தில் பிறந்தது அன்று. எனவே அதைப் புறப்பட்ட இடத்தின் நீதிமன்றத்தில், அதாவது ரெயூனியனில், கேட்பதே பாதுகாப்பானது. பிரெஞ்சுச் சட்டப்படி அதற்கு ஐந்தாண்டு காலம் உண்டு. 5,000 யூரோவுக்கு உட்பட்ட கோரிக்கைகளில், முதலில் சமரசத்துக்கு முயன்றதைக் காட்டாவிட்டால் நீதிபதி வழக்கை ஏற்க மறுக்கலாம். ஆகவே முதலில் நிறுவனத்துக்கு எழுதி, பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ பிரான்சின் சுற்றுலா, பயண மத்தியஸ்தரை அணுகுங்கள். பெட்டி வழக்கையோ பயணம் முடிந்த இடத்தின் நீதிமன்றத்திலேயே, ரோட்ரிக்ஸின் தலைநகரான போர்ட் மத்தூரினில், தொடுக்கலாம். ஆனால் அதற்கு இரண்டே ஆண்டுகள், ஒரு நாள் தவறினாலும் உரிமை அழிந்துவிடும். இரண்டு கெடுக்களையும் மனத்தில் சுமப்பதைவிட, எல்லாவற்றுக்கும் இரண்டாண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மிஸ் ஆன் தமேர் என்று வழங்கும் முன்னறிவிப்புக் கடிதத்தை வழக்கறிஞர் வழியாக அனுப்புவது நல்லது. இரண்டு கோரிக்கைகளையும் ஒரே கடிதத்தில் தனித்தனித் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள்.

முன்பதிவு உறுதிச்சீட்டு, போர்டிங் பாஸ்கள், பெட்டியின் ஒட்டுச்சீட்டு, ரத்து பற்றி வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மூலங்களை வீட்டிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு பயணியும் தனி உரிமையாளர் என்பதால், தாயாரின் சார்பில் நீங்கள் எழுதுவதாக இருந்தால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் ஒன்றும் அதனுடன் இருக்க வேண்டும்.