பழைய பூங்காவில் எடுத்த படமெல்லாம் ஒரே பச்சையாக வருகிறதா?

கேள்வி: நூறாண்டு தாண்டிய நகரப் பூங்கா ஒன்றில் காலையில் இரண்டு மணி நேரம் படமெடுக்கப் போகிறேன். 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ் போட்ட ஏபிஎஸ்-சி கேமரா (நடுத்தர அளவு சென்சார் கொண்டது), ஒரு மொபைல், இவ்வளவுதான் கையில். போன முறை எடுத்தவை பச்சைக் குவியலாக, திட்டுத்திட்டாக வெயில் விழுந்து வந்தன. பூங்காவின் பழமை எதிலும் தெரியவில்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் நிற்கும் இடத்தில்தான். பழைய பூங்கா என்பது எங்கே நின்றால் எது கண்ணில் பட வேண்டும் என்று ஒருவர் யோசித்து வரைந்த இடம். அவர் நினைத்த இடத்தைத் தேடிப் பிடித்தால் படம் பாதி முடிந்தது. அதனால் முதல் இருபது நிமிடம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். வாயிலில் வரைபடம் இருந்தால் மொபைலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூங்காக்களில் இரண்டு மரபுகளைப் பார்க்கலாம். ஒன்று நேர்கோட்டு மரபு. 17ஆம் நூற்றாண்டில் தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ரு அமைத்த பிரான்சின் வெர்சாய் தோட்டத்தில் அரண்மனையின் நடுவிலிருந்து கிளம்பும் கோடு, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான கால்வாய் வழியே தொலைவு வரை ஓடும். மற்றது வளைபாதை மரபு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு 1858இல் வடிவமைப்பாளர்கள் ஓம்ஸ்டெடும் வாக்ஸும் தந்த திட்டத்தில், பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். நடப்பவர் கண்ணில் வண்டிகள் படக்கூடாது என்பதுதான் காரணம். உங்கள் பூங்காவில் இந்த இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

நேர்ப்பாதை என்றால் சரியாக நடுக்கோட்டில் நில்லுங்கள். அரை அடி விலகினாலும் படத்தில் தெரியும். திரையில் கிரிட் கோடுகளைப் போட்டுக்கொண்டு, இரு பக்க முதல் மரங்களும் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இங்கே பலரும் லென்ஸின் அகலக் கோணமான 18 மி.மீ.க்குப் போய்விடுகிறார்கள். பாதை முடிவில் இருக்கும் மண்டபமோ சிலையோ அதில் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிடும். நாற்பது, ஐம்பது அடி பின்னால் போய் 50 மி.மீ.யில் எடுங்கள். மரங்கள் நெருங்கி நிற்கும், முடிவில் இருப்பதும் அதன் அளவில் தெரியும். வளைபாதைக்கு, வளைவு தொடங்கும் முன் அதன் வெளி ஓரத்தில் நின்று கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். இடுப்பளவில் பிடித்தால் பாதை ஒரு கீற்றாக நசுங்கிவிடும்.

அடுத்தது அந்தத் திட்டு வெயில். மரத்தடி நிழலுக்கும் இடையில் விழும் வெயில் பொட்டுக்கும் நான்கு ஸ்டாப் வரைகூட வித்தியாசம் வரும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). கேமரா இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை எடுப்பதால் பொட்டுகள் வெள்ளையாக வெந்துபோகின்றன. வெந்த வெள்ளையை மீட்க முடியாது, இருட்டை ஓரளவு தூக்கலாம். ஆகவே ‘ரா’ கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுங்கள், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, −0.7 முதல் −1 வரை குறையுங்கள், வெந்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். மொபைலில் வெயில் பொட்டைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். காற்றில் இலை ஆடும்போது எச்டிஆர் முறை வேண்டாம். பல படங்களை ஒன்றாக்குவதால் இலை இரட்டையாக விழலாம். லேசான மேகமூட்டம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

இலைகள் வெளிறித் தெரிவதற்குக் காரணம் அவற்றின் மேல்பரப்புப் பளபளப்பு. லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி கிடைத்தால், அதைச் சுழற்றினால் அது அடங்கி உண்மையான பச்சை வரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளி குறையும். குளத்தில் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் வேறு நிலைக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் அழித்துவிடும். மரத்தடியில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வது) படத்துக்குப் படம் மாறும், ஆகவே ‘வெயில்’ என்று நிலையாக வைத்துவிடுங்கள். காற்று லேசாக இருந்தால் துளை அளவு எஃப்/8, ஷட்டர் 1/250 விநாடி, அதற்கேற்ற ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்). 800 வரை தயங்கவே வேண்டாம்.

சிலைகளில் கேமரா நிச்சயமாக ஏமாறும். கரிய மரங்களுக்கு முன் வெள்ளைப் பளிங்கு நின்றால் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், −1 வையுங்கள். வானத்துக்கு எதிரே வெண்கலச் சிலை என்றால் நேர்மாறு, +1 முதல் +1.5 வேண்டும். சிலையின் தலையிலிருந்து கிளை முளைத்தது போல வந்தால் அரை எட்டு நகர்ந்தாலே சரியாகும்.

பழமையை நேராகச் சொல்பவை சின்னச் சின்னப் பொருள்கள்தான், அவற்றைத் தவறவிடாதீர்கள். வார்ப்பிரும்பு விளக்குக் கம்பத்தின் அடியில் குனிந்து பாருங்கள். பல அடுக்குப் பெயின்ட்டுக்குக் கீழே வார்ப்பாலையின் பெயரோ ஆண்டோ புடைத்து நிற்கக்கூடும். கல்வெட்டுப் பலகையில் எழுத்து மங்கியிருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் உரசிப் போக வேண்டும். வெயில் அப்படி வரவில்லையென்றால் உடன் வந்தவரிடம் மொபைல் டார்ச்சைக் கொடுத்து, கல்லின் ஓரத்திலிருந்து கிட்டத்தட்டப் படுத்த கோணத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து வாசகம் எழுந்து வரும். நேராக ஃபிளாஷ் அடித்தால் அந்த நிழல் செத்துவிடும். சுண்ணாம்புக்கட்டி தேய்த்தோ தண்ணீர் ஊற்றியோ எழுத்தைத் துலக்க வேண்டாம், கல்லுக்குக் கெடுதல்.

மனிதர் ஒருவராவது ஒரு படத்தில் இருக்கட்டும், மரத்தின் பருமன் அப்போதுதான் புரியும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முக்காலிக்கும் ட்ரோனுக்கும் அனுமதி உண்டா என்பதை வாயிலிலேயே விசாரித்துவிடுங்கள்.

கண்ணாடிச் செடிவீடு இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். உள்ளே ஈரக்காற்று, குளிர்ந்த கேமராவோடு நுழைந்தால் லென்ஸில் பனி படியும். துடைத்தால் மறுபடி படியும். மூடிய பையிலேயே இருபது நிமிடம் விட்டு, உள்வெப்பத்துக்கு வந்தபின் எடுங்கள். அங்கே லென்ஸ் மாற்றவும் வேண்டாம்.